தொங்குநீரா, ஏந்துநீரா? புல்திடல் மண்ணுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1: சொற்பட்டியல் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

புல்திடல் அமைப்புக்கான சொற்பட்டியலில் வேர்மண்டலம், வடிகுழாய், இடையடுக்கு, மேல்மணல் தூவல் எல்லாம் தகராறில்லாமல் அமைந்துவிட்டன. மண்ணடுக்கில் வடியாமல் நிற்கும் நீரைக் குறிக்கும் ‘பெர்ச்டு வாட்டர் டேபிள்’ ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. கீழே உள்ள அடுக்கு நீரை ஏந்தி நிற்கிறது என்ற பொருளில் இப்போதைக்கு ‘ஏந்துநீர்மட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். ‘ஓதம்’ என்றே வைத்தால் என்ன என்று ஒரு யோசனையும் வந்தது. சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கொத்தனார்கள் சொல்வதும் நுண்புழை ஏற்றத்தை, அதாவது நுண்துளைகள் வழியே நீர் மேலேறுவதைத்தானே? கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2: மண்ணியல் ஆசிரியர்

ஐயா, வணக்கம்.

‘ஏந்துநீர்மட்டம்’ நிலத்தடி நீரியலுக்குப் பொருந்தும். அங்கே பொது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு களிமண் அடுக்கு குறுக்கே கிடக்கும். நீர் அதைத் துளைத்து இறங்க முடியாமல் அதன்மேல் தேங்கும். களிமண் உண்மையிலேயே ஏந்துகிறது.

விளையாட்டுத் திடலில் நடப்பது நேர்மாறு. மேலே 30 செ.மீ. மணல், கீழே 10 செ.மீ. ஜல்லி. ஜல்லி எதையும் ஏந்தவில்லை, மணலைவிடப் பல மடங்கு வேகமாக நீரை வழியவிடக்கூடியது அது. ஆனாலும் மணலின் அடிப்பகுதியில் நீர் இறங்காமல் நிற்கிறது. காரணம் மணலுக்குள்ளேயே இருக்கிறது. மணல்துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் சிறியவை; பரப்பு இழுவிசை நீரை அவற்றுக்குள் பிடித்து வைக்கிறது. ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை. அவற்றுக்கு நீரைக் கீழே இழுக்கும் வலு கிடையாது. மணலின் அடியில் சேரும் நீரின் எடை அந்தப் பிடியை மிஞ்சினால்தான் சொட்டு கீழே விழும். மிஞ்சாத அளவு நீர் அங்கேயே நிற்கும்.

செவ்வக வடிவப் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, படுக்கை வாட்டில் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். அதையே நீளவாட்டில் செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி கொட்டும். பஞ்சும் மாறவில்லை, அதிலுள்ள நீரும் மாறவில்லை, உயரம் மட்டும் கூடியது. பஞ்சுக்கு அடியில் ஏந்துவதற்கு எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘தொங்குநீர்’. மேலே உள்ள துளைகளின் பிடியில் நீர் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘ஏந்துநீர்’ என்று படிக்கிற பொறியாளர், “ஜல்லி தடுக்கிறது போலிருக்கிறது, எடுத்துவிடலாம்” அல்லது “இன்னும் பெரிய ஜல்லி போடலாம்” என்று நினைப்பார். இரண்டுமே திடலைக் கெடுக்கும் முடிவுகள்.

மடல் 3: திடல் அமைப்பாளர்

அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். வேலைத்தளத்தில் இந்தக் குழப்பம் என்னென்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சொல் எதையெல்லாம் சுமக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.

முதலில், தொங்குநீர் குறைபாடு அல்ல, வேண்டுமென்றே உண்டாக்குவது. வெறும் மணலில் புல் வளர்த்தால் வெயிலில் கருகும். அடியில் ஒரு நீர்ச்சேமிப்பு இருந்தால் வேர் கீழே போய் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட பசுந்திடல் முறையின் அடிப்படையே இதுதான். பின்னால் கால்பந்து, கிரிக்கெட் திடல்களும் இதைத் தழுவிக்கொண்டன. அதன் மணல் கணக்கு இது: 0.25 முதல் 1 மி.மீ. வரையுள்ள துகள் குறைந்தது 60%. 0.15 முதல் 0.25 வரை 20%க்கு மேல் கூடாது. வண்டல் 5%, களி 3% வரை மட்டுமே. மிக நுண்ணிய மணலையும் சேர்த்தால் மொத்தம் 10%ஐத் தாண்டக்கூடாது. நீர் ஊடுருவும் வேகம் மணிக்கு 150 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

இங்கே பெரும்பாலான இடங்களில் தவறுவது மணலில்தான். ஆற்று மணல் கிடைப்பதில்லை, எம்-சாண்ட் இறக்குகிறார்கள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 383 தரம், நொறுக்கு மணலில் 75 மைக்ரானைவிட நுண்ணிய தூள் 15% வரை இருக்கலாம் என்கிறது. கட்டடத்துக்கு அது நல்ல மணல். திடலில் போட்டால் அந்தத் தூள் துளைகளை அடைத்து, தொங்குநீர் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். மழை விட்டு மறுநாளும் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். சான்றிதழில் ‘தரமான மணல்’ என்று இருந்தாலும் சல்லடைப் பகுப்பாய்வு அறிக்கை இல்லாமல் லாரியை இறக்கக் கூடாது.

அடுத்தது ஆழம். தொங்குநீரின் உயரத்தை மணலின் பொடித்தன்மைதான் தீர்மானிக்கிறது, அடுக்கின் ஆழம் அல்ல. ஒரு மணலில் அது 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. ஆழமுள்ள இடத்தில் மேலே 18 செ.மீ. காற்றோட்டமாக இருக்கும், சமன்செய்யும்போது 20 செ.மீ. ஆகிவிட்ட இடத்தில் 8 செ.மீ. மட்டுமே. அந்த இடத்தில் பாசியும் வேரழுகலும் வரும். ஆழம் கூடிப்போன மேட்டில் முதலில் காயும். திடலில் திட்டுத்திட்டாகப் புல் வேறுபட்டால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன் கம்பியைக் குத்தி ஆழத்தை அளக்க வேண்டும். மணல் பரப்பும்போதே 5 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, அதில் 30 செ.மீ. குறியிட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜல்லி விஷயத்தில், முக்கால் அங்குல ஜல்லி கொட்டிவிட்டு அதன்மேல் நேரடியாக மணலைப் பரப்புவது பெரிய தவறு. மணல் ஜல்லிக்குள் இறங்கி, குழாய் வரை போய் அடைக்கும். ஜல்லியில் 15 விழுக்காடு கடக்கும் சல்லடை அளவு, மணலில் 85 விழுக்காடு கடக்கும் அளவைப்போல் 5 மடங்குக்குள் இருக்க வேண்டும். மணலின் அந்த அளவு 0.7 மி.மீ. என்றால் ஜல்லியின் அளவு 3.5 மி.மீ.க்குள். கழுவிய 6 மி.மீ. சிப்ஸ் பெரும்பாலும் இதற்குள் வரும், ஆனாலும் சலித்துப் பார்த்துவிட வேண்டும். பெரிய ஜல்லி மட்டுமே கிடைக்குமென்றால் 1 முதல் 4 மி.மீ. துகளாலான இடையடுக்கு 5 முதல் 10 செ.மீ. போட்டே ஆக வேண்டும்.

தவறு நடக்கும் இன்னொரு இடம் புல் பத்தை, அதாவது வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல். களிமண் வயலில் வளர்த்த அறுகம்புல் பத்தையைக் கொண்டுவந்து மணல்மேல் விரித்தால், அந்த ஒன்றரை அங்குலக் களிக்கும் மணலுக்கும் இடையில் இரண்டாவது தொங்குநீர் உருவாகும், அதுவும் மேற்பரப்பிலேயே. கீழே கோடிக்கணக்கில் செலவு செய்த வடிகால் சும்மா கிடக்கும். மண்ணைக் கழுவிய பத்தை, அல்லது மணலிலேயே வளர்த்த பத்தை, அல்லது தண்டுத்துண்டு நடவு. வேறு வழி இல்லை. பின்னாளில் வேறு பொடிமணலை மேலே தூவினாலும் இதே கதிதான்.

ஆகவே சொல்லோடு ‘உயரம்’ சேர வேண்டும். தொங்குநீர் உயரம் என்று செ.மீ. கணக்கில் எழுத வசதியாக இருக்கிறது. ‘மட்டம்’ வேண்டாம். மட்டம் என்றால் மேஸ்திரி ரசமட்டத்தைத்தான் நினைப்பார்.

மடல் 4: தமிழாசிரியர்

‘ஓதம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பள்ளிப் புவியியலில் ஓதம் என்றால் கடலின் ஏற்றவற்றம். மருத்துவத்தில் விரைவீக்கத்தையும் ஓதம் என்பதுண்டு. மேலும் சுவரில் ஓதம் கீழிருந்து ஏறுகிறது, திடலில் நீர் மேலிருந்து இறங்கி நிற்கிறது. விட்டுவிடலாம்.

‘தொங்குநீர்’ வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும், கூட்டுச்சொற்களும் எளிதாக அமையும்: தொங்குநீர் உயரம், தொங்குநீர்ப் பகுதி. ‘தொங்கல் நீர்’ என்று நீட்ட வேண்டாம். ‘தொங்கலில் விட்டார்கள்’ என்ற வழக்கு குறுக்கே வரும்.

மடல் 5: வடிகால் பொறியாளர்

தொங்குநீருக்கு என் வாக்கும் உண்டு. இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் இப்போதே முடித்துவிடலாம்: குழாய்களில் விசிறி பொருத்தி நீரை இழுக்கும் அமைப்பு. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் திடலில் மார்ஷ் பென்சன் 1990களில் உருவாக்கிய சப்ஏர் இந்த வகை. பெங்களூரு சின்னசாமி அரங்கில் 2017 முதல் இருக்கிறது. மழை நின்ற சிறிது நேரத்தில் அங்கே ஆட்டம் தொடங்குவதை ரசிகர்கள் பார்த்திருப்பார்கள்.

அது வேலை செய்யும் விதம் தொங்குநீர் என்ற சொல்லால்தான் சரியாக விளங்கும். 10 செ.மீ. உயர நீர்த்தம்பம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். மணலுக்கு அடியில் 2 கிலோபாஸ்கல் வெற்றழுத்தம் கொடுத்தால், மணலின் ஆழத்தை 20 செ.மீ. கூட்டியதற்குச் சமம். பஞ்சை நிமிர்த்திய கதைதான். தொங்குநீர் உயரம் 12 செ.மீ. மட்டுமே என்றால் அதன் பிடி தளர்ந்து பெரும்பகுதி ஜல்லிக்குள் இறங்கிவிடும்.

நிபந்தனைகள் மூன்று. பிரதான குழாயின் கடைவாய் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் விசிறி வெளிக்காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். குழாய்க்கும் விசிறிக்கும் நடுவே நீரையும் காற்றையும் பிரிக்கும் தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் விசிறி இறக்கைகள் நீரில் அடிபடும். மூன்றாவது, மணல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு மூலை முதலில் காய்ந்தால் காற்று அந்த வழியே உள்ளே பாயும். மற்ற இடங்களில் அழுத்தம் விழுந்துவிடும். அதனால்தான் பகுதி பகுதியாக வால்வு வைக்கிறார்கள். கிரிக்கெட் திடலின் நடுவே களிமண்ணாலான ஆடுகளத்துக்கு (பிட்ச்) இது உதவாது. அதைத் தார்ப்பாயால் மூடித்தான் காக்க வேண்டும்.

இதற்கு ‘உறிஞ்சு வடிகால்’ என்று முன்மொழிகிறேன். அதே விசிறியைத் திருப்பி ஓட்டினால் வேருக்குக் காற்று போகும். அதற்குக் ‘காற்றேற்றல்’. ‘காற்றூட்டல்’ நீர்த்தொட்டிகளுக்கு ஏற்கெனவே புழங்குவதால் வேறுபடுத்திக்கொள்வது நல்லது.

மடல் 6: சொற்பட்டியல் தொகுப்பாளர்

நன்றி. பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

தொங்குநீர்: பொடித்துகள் அடுக்கு பெருந்துகள் அடுக்கின்மேல் அமையும்போது, வடிந்தபின்னும் பொடித்துகள் அடுக்கின் அடிப்பகுதியில் நுண்புழைப் பிடியால் நிற்கும் நீர். அளவு: தொங்குநீர் உயரம், செ.மீ.

ஏந்துநீர்மட்டம் நிலத்தடி நீரியலுக்கு மட்டும். இரண்டு பதிவுகளிலும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு இருக்கும். உறிஞ்சு வடிகால், காற்றேற்றல் இரண்டும் ஏற்கப்படுகின்றன.

ஒன்று பாக்கி. ஆய்வக அறிக்கையில் மணல் மாதிரியை 30 செ.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமமான இழுவிசையில் வடித்தபின் காற்று நிற்கும் துளைப்பங்கு 15–30%, நீர் நிற்கும் துளைப்பங்கு 15–25% என்று கேட்கிறார்கள். ‘காற்றுத்துளைமை’, ‘நீர்த்துளைமை’ என்று எழுதினால் வேலைத்தளத்தில் புரியுமா, அல்லது ‘காற்றிடம்’, ‘நீரிடம்’ போதுமா? திடல் அமைப்பாளர் ஐயாதான் முதலில் சொல்ல வேண்டும்.

மடல் 7: திடல் அமைப்பாளர்

காற்றிடம், நீரிடம். விழுக்காட்டோடு எழுதினால் மேஸ்திரிக்கும் புரியும், ஆய்வகத்துக்கும் புரியும்.