எல்டிஓ போட்டால் டைமர் இன்டரப்ட் காணாமல் போகிறது

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வயல் பம்புசெட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பலகை செய்துவருகிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8, ஃபிளாஷ் 64 கேபி, ராம் 20 கேபி. விலைக்கு வாங்கும் கம்பைலர் தேவையா என்று முடிவெடுக்க, இலவசமாகக் கிடைக்கும் ஆர்ம் ஜிசிசி கிராஸ் கம்பைலரை (கணினியில் ஓடி, சிப்புக்கான நிரலை உருவாக்குவது) பத்து நாளாகச் சோதிக்கிறேன்.

எல்டிஓ (லிங்க் செய்யும்போது முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்துச் சுருக்கும் வசதி) இல்லாமல் எல்லாம் ஓடுகிறது, ஆனால் நிரல் 61 கேபி. எல்டிஓ சேர்த்தால் 52 கேபி. அதோடு சனியும் சேர்ந்து வருகிறது: பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. டீபக்கரில் பார்த்தால் டிஃபால்ட் ஹேண்ட்லரின் (தனக்கென ஹேண்ட்லர் இல்லாத இன்டரப்ட் போய்ச் சேரும் இடம்) முடிவில்லாச் சுற்றில் கிடக்கிறது. வாலட்டைல் போட்டேன், ஸ்டாக்கைக் கூட்டினேன், பலகையையே மாற்றினேன். மேப் கோப்பில் (லிங்கர் எதை எங்கே வைத்தது என்ற பட்டியல்) என் ஹேண்ட்லரின், அதாவது டைமர் இன்டரப்ட் வந்ததும் ஓடவேண்டிய ஃபங்ஷனின், பெயரே இல்லை! ஸ்டார்ட்அப் கோப்பு அசெம்பிளியில் இருக்கிறது. அதில் ஹேண்ட்லர்கள் எல்லாம் வீக் அறிவிப்புகள் (அதே பெயரில் நாம் எழுதியது இருந்தால் அதற்கு வழிவிடுபவை). பிசான நடவுக்குள் பம்பு ஓடியாக வேண்டும்.

எல்டிஓவைக் கைவிடாமல், லிங்கர் என் ஹேண்ட்லரைத் தூக்கி எறியாதபடி செய்வது எப்படி?