மறுமொழி: அப்பிளின் ‘சேமிப்புத்தர முன்கணிப்பு’ – வேறு சொல் உண்டா?

அன்பின் நண்பர்களுக்கு,

> சேமிப்புத்தர முன்கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

பறித்த அப்பிள் குளிரறையில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதற்குத்தானே சொல் தேடுகிறோம். வைக்கலாம். ஆனால் ‘சேமிப்புத்தரம்’ என்றதும் எனக்குக் குளிரறையின் தரம்தான் நினைவுக்கு வருகிறது, பழம் வரவில்லை. எங்கள் பாடநூல் வழக்கில் ‘களஞ்சியத்தரம்’ என்றாலும் அதே சிக்கல். ‘வைப்புத்தரம்’ யாழ்ப்பாணத்தில் நேரே வங்கிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ‘கெடாத்தன்மை’யும் போதாது. பல மாதம் குளிரில் கிடந்த அப்பிள் அழுகியிராது, தோலும் பளபளக்கும். கடித்தால் மாவாக இருக்கும். அதைக் கெட்டது என்று எப்படிச் சொல்வது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் வாங்கும்போது கவனியுங்கள். தாள் காய்ந்து கழுத்து ஒடுங்கியதைக் கையில் எடுத்து, “இது நாள் தாங்கும்” என்பார் வியாபாரி. கழுத்துத் தடித்ததென்றால், “கெதியா முடிச்சுப் போடுங்கோ.” நாம் சொல் தேடும் வேலையை அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றே செய்கிறார்.

ஆகவே என் பரிந்துரை: நாள்தாங்குதிறன். ‘வறட்சி தாங்குதிறன்’ ஏற்கெனவே புழங்குகிறது, அதே அச்சு. ‘நாள்தாங்கல்’ என்று சுருக்கப் பார்த்தேன், மனத்தாங்கல் குறுக்கே வந்து நின்றது.

‘ஆயுட்காலம்’ போதுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நாட்கணக்கு, அறையின் குளிரையும் ஒட்சிசன் அளவையும் பொறுத்து மாறும். தாங்குதிறன் பழம் மரத்திலிருந்தே கொண்டுவருவது. அதனால்தான் அறுவடை நாளிலேயே அளக்கிறார்கள். ஸ்ட்ரைஃப் சுட்டெண் என்பது சதையின் உறுதியை, பிரிக்ஸ் அளவையும் (சாற்றின் இனிப்பளவு) மாப்பொருள் எண்ணையும் (மா சீனியாக மாற மாற ஏறும் எண்) பெருக்கிவந்த தொகையால் வகுப்பது. பழுக்கப் பழுக்க இது இறங்கும். நீண்ட நாள் வைக்க வேண்டிய பழத்தைச் சற்று முந்திப் பறிப்பார்கள். மிகவும் முந்தினால் சுவை ஏறாது, குளிரறையில் தோல் கருகும் கோளாறும் கூடும்.

மாப்பொருள் எண்ணுக்குப் பழத்தைக் குறுக்கே வெட்டி அயடீன் கரைசல் தடவுவார்கள். மா உள்ள இடம் கருநீலமாகும். சீனியாக மாறிய இடம் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை நடுவிலிருந்து வெளியே பரவும். வீட்டிலும் செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய அப்பிளில் ஒரு பொட்டுக் கறுப்பும் இல்லை, பக்கத்தில் வைத்த உருளைக்கிழங்கு மை கொட்டினதுபோல ஆகிவிட்டது.

> முன்கணிப்பா, எதிர்வுகூறலா?

நாங்கள் வானிலை எதிர்வுகூறல் கேட்டு வளர்ந்தவர்கள். இதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன்.

———

ஐயா, வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். ‘நாள்தாங்குதிறன்’ சரி, எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை முழுதாகவும் பிறகு ‘தாங்குதிறன்’ என்றும் எழுதுகிறேன். முன்கணிப்பு மட்டும் இருக்கட்டும், இங்கே எதிர்வுகூறல் என்றால் ஜோசியமா என்று கேட்பார்கள். அப்புறம், அந்த அயடீன் கறுப்பு வெள்ளைக் கோலத்துக்கு என்ன பெயர் வைப்பது?

———

தம்பி, நீங்களே வைத்துவிட்டீர்களே: மாக்கோலம்.