14 பகுதிகள்தான் இருக்கின்றன, நிலைப்பிழையை எதை நம்பிக் கணக்கிடுவது?

நண்பர்களே, வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு வீடுகளின் மின் பயன்பாடு குறைகிறதா என்பதுதான் கேள்வி. 6,000 வீடுகள், 36 மாதத் தரவு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மீட்டர் பகுதி பகுதியாகத்தான் பொருத்தப்பட்டது; மொத்தம் 14 பகுதிகள். முதல் ஆண்டில் 3, பிறகு 5, மீதி 6-இல் கடைசிவரை இல்லை.

முதலில் வழக்கமான இருவழி நிலைவிளைவு ரிக்ரஷன் (இடத்துக்கும் மாதத்துக்கும் உரிய பொதுவான வேறுபாடுகளைக் கழித்துவிட்டு ஒப்பிடும் முறை) ஓட்டினேன். முன்பே மீட்டர் பெற்ற பகுதியைப் பின்னால் பெற்ற பகுதிக்கு ஒப்பீடாக அது எடுத்துக்கொள்கிறது என்று பொருளியலாளர் குட்மன்-பேக்கன் 2021-இல் காட்டியதைப் படித்ததும் அதை ஓரங்கட்டிவிட்டேன். இப்போது காலவே–சன்டானா முறை; மீட்டர் பெற்ற ஒவ்வொரு குழுவையும் இன்னும் பெறாத பகுதிகளோடு மட்டும் அது ஒப்பிடும். மதிப்பீடு நியாயமாகவே வருகிறது.

சிக்கல் நிலைப்பிழையில், அதாவது அந்த மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவில். பகுதிவாரியாகக் கிளஸ்டர் செய்தால், அதாவது ஒரே பகுதி வீடுகளை ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே கூட்டமாக எடுத்தால், 14 கிளஸ்டர்தான். வழக்கமான சூத்திரம் இந்த அளவில் பிழையைக் குறைத்துக் காட்டும். வீட்டுவாரியாகச் செய்தால் எல்லாமே மூன்று நட்சத்திரத்தோடு (புள்ளியியலில் மிக உறுதியான முடிவு என்ற குறி) மின்னுகிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. கிளஸ்டர் குறைவாக இருக்கும்போது மாதிரியின் எச்சப் பிழைகளின் குறியைத் தற்செயலாக மாற்றி மாற்றிக் கணக்கிடும் வைல்ட் பூட்ஸ்ட்ராப் பற்றித் தெரியும். ஆனால் மீட்டர் பெற்ற கிளஸ்டர்கள் மிகக் குறைவாக இருந்தால் அதுவும் தடுமாறும்; முதல் குழுவில் எனக்கு மூன்றே மூன்று.

மீட்டர் பெற்ற பகுதிகளைக் கற்பனையாகக் குலுக்கி மாற்றிப் பார்த்து முடிவை ஒப்பிடும் ரேண்டமைசேஷன் சோதனைக்குப் போகலாமா? ஆனால் மீட்டர் பொருத்திய வரிசை உண்மையில் குலுக்கலில் முடிவானதல்ல, பழைய மின்மாற்றி உள்ள இடங்களுக்கு முன்னுரிமை தந்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

இதே நிலையில் ஆய்வுக் கட்டுரை அனுப்பியவர்கள் இருந்தால், மதிப்பாய்வாளர்கள் எதை ஏற்றார்கள் என்று சொல்லுங்கள். இதற்கான ஆர் (R) மொழி நிரல் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது.