ஓராண்டு முழுவதும் உங்களோடு இருந்த இசைத்தொகுப்பு எது?

தாம்பரம் வண்டி எழுதியது:

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு முடிவெடுத்தேன். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறியதிலிருந்து கடற்கரை நிலையத்தில் இறங்கும் வரை, கைப்பேசி தானாகப் பொறுக்கித் தரும் பாடல்களைக் கேட்பதில்லை. ஏதேனும் ஒரு தொகுப்பை, அதை உருவாக்கியவர் அடுக்கிய வரிசையிலேயே முழுவதும் கேட்பது. ஐம்பது தொகுப்புகளாவது தேறும் என்று எண்ணியிருந்தேன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டவை நான்கைந்துதான். அவற்றிலும் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்புதான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

1986-ல் வெளிவந்த அந்தத் தொகுப்பை அவர் தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். சிறு வயதில் எங்கள் வீட்டில் அதன் கேசட் இருந்தது. பாட்டு இல்லாத கேசட் என்பதால் யாரும் அதை முழுதாக ஓடவிட்டதில்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் என்ன நடக்கிறது என்பது இப்போதுதான் புரிந்தது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைக்கோவையின் முன்னிசை, ஒரு சுரமும் அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் வி. எஸ். நரசிம்மனின் வயலின் கமகங்களோடு வளைந்து வளைந்து வருகிறது. முதல் வாரம் முழுவதும் என் காது கமக வயலினையே தொடர்ந்தது. அடுத்த வாரம் அதை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போக முயன்றேன். ஒவ்வொரு நாளும் இடையில் எங்கோ கை நழுவிப் போயிற்று. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, இரண்டும் தனித்தனியாகவும் ஒருசேரவும் கேட்டன. அதன்பிறகு அவருடைய திரைப்பாடல்களிலும், பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் எங்கே போகிறது என்று காது தேடத் தொடங்கிவிட்டது.

இப்படி உங்கள் காதின் பழக்கத்தையே மாற்றிய தொகுப்பு எது? நீண்ட பட்டியல் வேண்டாம், ஒன்றே போதும். எந்த இடத்தில், எப்படி மாறியது என்று விரிவாக எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்த செய்தி வந்த அன்று, 'ஷக்தி' குழுவின் முதல் தொகுப்பை எடுத்துப் போட்டேன். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அதைவிட்டு என்னால் நகர முடியவில்லை. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் மேடையிலேயே பதிவு செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஜான் மெக்லாக்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ஆர். ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவதான 'ஜாய்' மட்டுமே பதினெட்டு நிமிடம்.

எனக்குக் கடம் செய்யும் ஊரான மானாமதுரைப் பக்கம். உள்ளே கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிக் கடத்தின் சுவரை இறுக்குவதைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் கச்சேரிக்குப் போனால் கடத்தைக் காத்திருந்துதான் கேட்டாக வேண்டும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் வரும் வரை அது உபபக்கவாத்தியமாகப் பின்னால் அமர்ந்திருக்கும். இந்தப் பதிவில் காத்திருக்க வேண்டியதே இல்லை. கழுத்தில் விழும் தட்டு, வயிற்றில் விழும் தட்டு, கடத்தின் வாயை வாசிப்பவர் தம் உடம்போடு சேர்த்து அழுத்தும்போது எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி எல்லாம் தொடக்கத்திலிருந்தே தபலாவோடு சமமாக நின்று பேசுகின்றன. தாளம் என்பது பாட்டைத் தாங்கும் தரை என்று நாற்பது ஆண்டுகள் எண்ணியிருந்த எனக்கு, தாளமே பாட்டாகவும் இருக்க முடியும் என்பதை இந்தத் தொகுப்புதான் காட்டியது.

பனிக்கால இரவு எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு இரவுப் பணி. கடந்த குளிர்காலத்தில் பொது நூலகத்தில் பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இறுவட்டுத் தொகுதி ஒன்றை இரவல் எடுத்தேன். பாக்கின் அந்த ஒரே படைப்பை அவர் 1955-ல், இருபத்திரண்டு வயதில், ஒருமுறையும், 1981-ல் மறுமுறையும் பதிவு செய்தார். முதலாவது முப்பத்தெட்டு நிமிடம். இரண்டாவது ஐம்பத்தொரு நிமிடம். தொடக்கத்தில் வரும் ஏரியா என்ற சிறு மெட்டு முதற்பதிவில் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். பிந்தியதில் மூன்று நிமிடத்தைத் தாண்டும். நோயாளிகள் உறங்கிய பின், விடியற்காலை மூன்று மணி வாக்கில், ஒரு காதில் மட்டும் கேட்பேன். மற்றக் காது அழைப்பு மணிக்காகத் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் பேஸ் கிடாரைத் தேடும் காதைப் பற்றி எழுதியிருந்ததால் இதைச் சொல்ல வேண்டும். ஏரியாவைத் தொடர்ந்து வரும் முப்பது மாறுபாடுகளும் (வேரியேஷன்கள்) ஏரியாவின் மேல்மெட்டிலிருந்து பிறந்தவை அல்ல. அதன் அடியில், இடது கையில் நடக்கும் முப்பத்திரண்டு அளவை (தாளக்கட்டம்) கொண்ட மந்தர ஓட்டத்தின், அதாவது தாழ்ந்த சுரங்களின் மீது கட்டப்பட்டவை. இது தெரியாமல் முதல் இரண்டு மாதம் ஏரியாவின் மெட்டையே ஒவ்வொரு மாறுபாட்டிலும் தேடிக் களைத்துப் போனேன். பிறகு இடது கையை மட்டும் பின்தொடரத் தொடங்கியதும், தொடர்பே இல்லாத துண்டுகளாகத் தோன்றியவை எல்லாம் ஒரே வீட்டின் அறைகளாகிவிட்டன.

முதற்பதிவை இளமையின் வேகம் என்றும், இரண்டாவதை முதுமையின் நிதானம் என்றும் பிரித்துவிடுவது எளிது. ஆனால் இருபத்தைந்தாம் மாறுபாட்டைக் கேளுங்கள். துயரம் தோய்ந்த அந்தப் பகுதி, இளைஞர் வாசித்த பதிவில்தான் சற்றுக் கூடுதலான நேரம் எடுக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் அவர் அந்தத் துயரத்தில் அவ்வளவு நேரம் தங்கவில்லை. எந்தக் காரணத்தினால் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். இரண்டாம் பதிவு வெளியான சில நாட்களிலேயே, 1982 அக்டோபர் 4 அன்று, அவர் காலமானார். இங்கே மவுண்ட் பிளசன்ட் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் பணி முடிந்து நேரே அங்கே போனேன். கையுறையால் பனியை ஒதுக்கிய பிறகுதான் தெரிந்தது: கல்லில் ஏரியாவின் முதல் சில அளவைகள் சுரக்குறிகளாகவே செதுக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று. இளையராஜா எடுத்தாண்ட அதே முன்னிசையை, பாக் தாமே 1731-ல் ஆர்கனும் வாத்தியக்குழுவும் சேர்ந்து இசைக்கும்படி மாற்றி எழுதி, தமது 29-ஆம் கண்டாட்டா என்ற பாடலிசைப் படைப்பின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். வயலின் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

புல்லாங்குழல் பழகுபவன் எழுதியது:

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. மாமா கொடுத்த பழைய இசைத்தட்டு. அதன் முதல் பக்கத்தோடு சேர்ந்து குழல் வாசிக்க முயன்ற நாட்களிலெல்லாம் சுருதி ஒரு நூலிழை சேராது. தட்டு சற்று மேலே நிற்கும். என் குழலில்தான் குறை என்று மூன்று குழல் மாற்றினேன். இரண்டாம் பக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பிறகுதான் படித்தேன்: 1959 மார்ச் 2 அன்று நடந்த முதல் அமர்வில் ஒலிப்பதிவுக் கருவி சிறிது மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் தட்டில் சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் பதிந்துவிட்டன, 1992-ல்தான் அது சரிசெய்யப்பட்டது. இப்போது கைப்பேசியில் உள்ள பதிவோடு குழல் சரியாகச் சேருகிறது. ஆனாலும் 'ப்ளூ இன் க்ரீன்' மட்டும் பழைய தட்டில்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது. அந்த உயர்ந்த சுருதியிலேயே அது மனதில் பதிந்துவிட்டது.

மேலே எழுதியவருக்கு ஒரு செய்தி: இந்தத் தொகுப்பும், கூல்டின் இரண்டு பதிவுகளும் நியூயார்க்கில் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை. கொலம்பியா நிறுவனம் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றி அமைத்த 30-ஆம் தெரு ஒலிப்பதிவுக்கூடம் அது.

தாம்பரம் வண்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை ஐயா, 'ஜாய்' கேட்டேன். கடத்தை மட்டும் பிரித்துக் கேட்க இன்னும் சில வாரம் வேண்டும். கூல்டின் 1981 பதிவை இன்று காலை தாம்பரத்தில் தொடங்கினேன். பனிக்கால இரவு, நீங்கள் சொன்னபடி இடது கையையே பிடித்துக்கொண்டு போனேன். பல்லாவரத்தில் தவறவிட்டு, பரங்கிமலையில் மறுபடி பிடித்து, சேத்துப்பட்டில் மீண்டும் தவறவிட்டேன். எழும்பூரில் கூட்டம் இறங்கி இருக்கை கிடைத்தது. கோட்டை நிலையத்தைத் தாண்டும்போது, தொடக்கத்தில் கேட்ட அதே ஏரியா திரும்பி வந்தது. கடற்கரையில் எல்லோரும் இறங்கிய பின்னும், அது முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.