ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கு வந்த செங்கல்

அண்ணன் (காலை 7:12):
அனைவருக்கும் வணக்கம். கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் கட்டும் வீட்டுக்குக் கடைக்கால் முடிந்துவிட்டது. பேஸ்மட்டம் நிரப்ப ஆறு லோடு சயனைடு மண்ணும், அதே மண்ணில் அறுத்துச் சுட்ட செங்கல்லும் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாதிரிக்கு இரண்டு கல் வாங்கி வந்திருக்கிறேன். தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. பெரியப்பா, வாங்கலாமா?

பெரியப்பா (7:40):
தம்பி, பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கைதான் அந்த மண். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும்வரை கொட்டியதெல்லாம் தங்கவயலில் 13 மேடுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன் நிற்கிறது. காற்றடி காலத்தில் உன் பாட்டி தண்ணீர்க் குடத்தின் வாயை ஈரத்துணியால் கட்டிவைப்பார். மாலையில் அவிழ்த்தால் துணி சாம்பல் பூசியதுபோல் இருக்கும். ஆனாலும் இத்தனை ஆண்டு வெயிலில் சயனைடு அழிந்திருக்கும் அல்லவா?

நான் (8:05):
பெரியப்பா, சயனைடைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி, அது வெயிலில் சிதையும். பெயரிலேயே அது இருப்பதால் எல்லோரும் அதற்கு மட்டும் அஞ்சுகிறோம். பாறையோடு வந்த ஆர்சனிக் போன்ற நஞ்சுகள் வெயிலில் அழிவதில்லை. கந்தகக் கனிமங்கள் காற்றும் ஈரமும் பட்டால் அமிலமாகின்றன. அதிலிருந்து வரும் சல்பேட் உப்பு சிமெண்டோடு வினைபுரிந்து வீங்கினால் பூச்சு வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சோடு உள்ளே போய்த் தாத்தாவின் நெஞ்சை இறுக்கிய சிலிக்கா தூள் அந்த மண்ணில்தான் இருக்கிறது.

சித்தி (8:21):
அப்படியானால் அந்த மண்ணைத் தொடவே கூடாதா? தொடாமல் விட்டாலும் காற்றில் பறந்து நம் வீட்டுக்குள்தானே வருகிறது?

நான் (8:44):
சித்தி, அதனால்தான் அதைக் கல்லாக்கிவிட வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். தங்கவயல் மண்ணையே எடுத்து, சிமெண்ட் சேர்த்தும், செம்மண்ணும் கரிசல் மண்ணும் கலந்து 750 முதல் 950 டிகிரி வரை சுட்டும் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. 20 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து 14 நாள் நீரில் ஊறவைத்த கல் கட்டுமானத்துக்கு ஏற்றது என்று அதில் கண்டார்கள். ஆனால் கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒரு கேள்வி, நனையும்போது அதிலிருந்து என்ன கசியும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை காண, கல்லை உடைத்து, அமிலம் கலந்த நீரில் 18 மணி நேரம் சுழலவிட்டு, அந்த நீரில் இறங்கிய உலோகங்களை அளக்கிறார்கள். விற்பவரிடம் அந்தச் சோதனைத் தாள் இருக்கிறதா, அண்ணா? சூளையில் வெப்பம் ஏறும்போது ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும் என்பதால், கல் நன்றாக இருந்தாலும் சுட்டவர்களின் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறேன்.

அண்ணன் (9:02):
எந்தத் தாளும் இல்லை. மேட்டிலிருந்து அள்ள அனுமதி உண்டா என்று கேட்டதற்கும் மழுப்புகிறார். பேஸ்மட்டத்துக்குள் போட்டு மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் மண் மூடிவிடுமே?

நான் (9:20):
கல்லுக்காவது சுடுவதோ சிமெண்டோ ஒரு பிடிப்பைத் தருகிறது, அண்ணா. உதிரியாகப் போடும் மண்ணுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில், யுரேனிய ஆலையின் கழிவு மணலை 1966 வரை மக்கள் வண்டி வண்டியாக அள்ளிச் சென்று வீட்டுத் தரைக்கு அடியிலும் காரையிலும் போட்டார்கள். அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுக்குள் ஏறுவது தெரிந்தபின், ஆயிரக்கணக்கான மனைகளில் அரசு அதைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. நம் மண் யுரேனியக் கழிவு அன்று, அதன் கேடு வேறு. ஆனால் நாளைக்குக் குழாய் பதிக்கவோ சுவரை இடிக்கவோ வரும் கொத்தனாருக்குத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? இப்போதைக்கு ஒரு கல்லை ஒரு தட்டில் செங்குத்தாக நிறுத்தி, ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி, வற்றியதும் மீண்டும் ஒருமுறை ஊற்றி, கல்லில் உப்புப் பூக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணன் (ஐந்தாம் நாள், மாலை 6:30):
இரண்டாம் முறையும் தண்ணீர் வற்றிவிட்டது. கல்லின் பாதி உயரத்துக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்கிறது. ஆறு லோடும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேஸ்மட்டத்துக்குச் செம்மண் நாளை வருகிறது. நனையாத கல்லைப் பெங்களூரில் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

நான் (6:38):
அவசியம் அனுப்புங்கள், அண்ணா, செலவில் பாதி என்னுடையது. முடிவு வந்ததும், அதே கல்லை வாங்கிய பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் காட்டிவிடலாம்.

பெரியப்பா (6:45):
உப்புப் பூத்த கல்லை வாசலில் போட்டுவிடாதே, தம்பி. குழந்தைகள் எடுத்துக் கிறுக்குவார்கள். ஈரச்சாக்கில் சுற்றி, கட்டிவை.