இ.சி.இ மூன்றாம் ஆண்டு: வி.எல்.எஸ்.ஐயா, எம்பெடடா? வழி சொல்லுங்கள்

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இ.சி.இ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரத்துக்குள் விருப்பப் பாடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வி.எல்.எஸ்.ஐ (சிப் வடிவமைப்பு), எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதுவது) இரண்டில் எதை எடுப்பது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

எஸ்.டி.எம்.32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஒரு சென்சாரை ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகப் படிக்க மூன்று இரவு போராடினேன். கடைசியில் பார்த்தால் அந்தக் கம்பிகளுக்குத் தேவையான புல்-அப் ரெசிஸ்டர் போடவில்லை. அதைப் போட்டதும் எண்கள் ஓடிவந்தன பாருங்கள், அந்தச் சந்தோஷம் எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை. அப்புறம் ஐ.ஐ.டி மெட்ராஸ் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த பிராசஸர் கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் உருவாக்கிய சக்தி பிராசஸரைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து சிப் வடிவமைப்பு மீதும் ஆசை. சிப் வடிவமைக்கும் மொழியான வெரிலாகில் ஒரு யுஏஆர்டி (தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சுற்று) எழுதி சிமுலேஷன் வரை ஓட்டிவிட்டேன்.

எங்கள் கேம்பஸுக்கு வருவது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான். வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. படித்து முடித்ததும் சம்பாதிக்க வேண்டும்.

சிப் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வெரிஃபிகேஷன் (சிப் வடிவமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்) வேலைக்கு பி.இ மட்டும் போதுமா, இல்லை கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் முடித்தால்தான் எடுப்பார்களா? தனியார் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட என்னால் முடியாது. என்.பி.டி.இ.எல் இணையப் பாடங்களும் சொந்த புராஜெக்டும் வைத்து நேர்காணல் வரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எம்பெடடில் இருப்பவர்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.