புதுப்பிப்பு: வறுத்தரைத்த மாட்டிறைச்சிக் கறி, கசப்பும் போச்சு, துண்டும் வெந்தது

மசாலா கசக்குது, கறி ரப்பர் மாதிரி இழுக்குதுன்னு மார்த்தாண்டத்துல இருந்து கேட்டிருந்தேன். ரெண்டும் சரியாயிடுச்சு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கசப்புக்குத் தக்கலை அண்ணன் சொன்னதுதான் தீர்வு. தேங்காய்த் துருவல் ஒரு கப், பெருஞ்சீரகம், நல்லமிளகு ஒவ்வொரு ஸ்பூன், கறிவேப்பிலை எல்லாம் சிறு தீயில, கை விடாம கிளறி வறுக்கணும். காப்பிப்பொடி நிறம் வந்ததும் அடுப்பை அணைச்சிடணும். மூணு மேசைக்கரண்டி மல்லிப்பொடியும் ஒன்றரை மிளகாய்ப்பொடியும் அதுக்கப்புறம்தான். சட்டியோட சூடே போதும். எரியிற அடுப்புல பொடி போட்டா நொடியில கருகிடும், அந்தக் கசப்பைப் புளியோ வெல்லமோ எடுக்காது.

இறைச்சிக்குச் செங்கோட்டை அக்கா சொன்ன வழி. ஒரு கிலோ மாட்டுக் கால் சதை, பெரிய துண்டா. சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்போட ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடி, ஓரத்துல மட்டும் குமிழி வர்ற மாதிரி ரெண்டு மணி நேரம். தளதளன்னு கொதிச்சா சதை சுருங்கி வறண்டுடும். சவ்வு கரைய மெதுவான சூடும் நேரமும் வேணும். வறுத்த மசாலாவை அரைச்சு, கடைசி அரை மணி நேரத்துல சேர்க்கணும், முன்னாடியே போட்டா அடி பிடிக்கும்.

கறி மெத்துன்னு ஆகத் தடவின பப்பாளிக்காய் விழுது எனக்கு உதவல. மேல்பக்கம் குழைஞ்சுது, உள்ளே அப்படியே இருந்தது.

எதிர்பார்க்காதது ஒண்ணு: மறுநாள் குழம்பு ஜெல்லி மாதிரி உறைஞ்சிருந்தது. கெட்டுப்போகல, கரைஞ்ச சவ்வுதான். தண்ணி ஊத்தாம சிறு தீயில வச்சா இளகி, தேங்காயெண்ணெய் மேல மிதந்து வரும்.